குவாங்சோவில் ஹோட்டல் பிடிப்பது: கான்டன் ஃபேருக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் பெரிய வர்த்தகப் பொருட்காட்சியான கான்டன் ஃபேருக்குக் கிளம்புகிறவர்களில் பலர் விமான டிக்கெட்டைப் போட்ட பிறகுதான் ஹோட்டல் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பொருட்காட்சி வளாகத்தைச் சுற்றியுள்ள நல்ல அறைகள் போய்விட்டிருக்கும். மிஞ்சியவற்றின் வாடகை சாதாரண நாளைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். அதனால் முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஒரு அறையைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் பிறகு. தேதி உறுதியானதும் நிதானமாகத் தேடி, நல்லது கிடைத்தால் பழையதை விட்டுவிடலாம்.

தேதி எளிது. 1957-இல் தொடங்கிய ஃபேர் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை நடக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று கட்டம், கட்டத்துக்கு 5 நாள். வசந்தத்தில் வழக்கமாக ஏப்ரல் 15–19, 23–27, மே 1–5. இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15–19, 23–27, பிறகு அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை. இயந்திரம், எலெக்ட்ரானிக்ஸ், ஹார்டுவேர் முதல் கட்டத்தில். பாத்திரம், பீங்கான், பரிசுப் பொருள், கட்டுமானச் சாமான், ஃபர்னிச்சர் இரண்டாவதில். துணி, செருப்பு, பொம்மை மூன்றாவதில். தொழிற்சாலை பார்க்கவோ மொத்த விற்பனைச் சந்தையில் கொள்முதல் செய்யவோ மட்டும் போகிறவர்கள் இந்தத் தேதிகளைத் தவிர்த்தாலே வாடகையில் பெரும்பகுதி மிச்சம்.

அடுத்து இடம். என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். நட்சத்திரத்தைப் பார்த்து அறை போடுகிறவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் பயணத்தில் தொலைக்கிறார்கள். காலை 9:30-க்கு நீங்கள் எங்கே நிற்க வேண்டும், அங்கே போகும் மெட்ரோ எந்த லைன், எங்கே மாற வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு ஹோட்டல் தேடுங்கள்.

ஃபேர் நடக்கும் வளாகம் பாசோவில், முத்து ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. மெட்ரோ 8-வது லைனில் அடுத்தடுத்து வரும் சின்காங்தோங், பாசோ என்ற இரண்டு ஸ்டேஷன்களும் அதற்கு உரியவை. ஏ பகுதிக்கு சின்காங்தோங், பி, சி பகுதிகளுக்கு பாசோ. வளாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே "ஃபேருக்கு 500 மீட்டர்" என்று ஹோட்டல் போட்டிருந்தால் எந்தப் பகுதியின் வாசலுக்கு என்று பாருங்கள். உங்கள் சரக்கு எந்தப் பகுதியில் என்பது ஃபேரின் தளத்தில் முன்கூட்டியே தெரியும். நடக்கும் தூரத்தில் தங்கினால் மதியம் சாம்பிள் பையை அறையில் போட்டுவிட்டுத் திரும்பலாம். ஐந்து நாள் கேட்டலாக் சுமக்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இரவில் பாசோ சீக்கிரம் அடங்கிவிடும், சாப்பாட்டுக் கடைகளும் குறைவு.

ஆற்றுக்கு வடகரையில் தியான்ஹே மாவட்டத்தின் ஜூஜியாங் நியூ டவுன். நகரத்தின் வணிகப் பகுதி இதுதான். 103 மாடி நிதி மையம், 530 மீட்டர் உயர சௌ டாய் ஃபூக் கோபுரம், வங்கிகள், தூதரக அலுவலகங்கள் எல்லாம் இங்கே. நிறுவன அலுவலகங்களில் சந்திப்பு இருந்தால் இங்கே தங்குவது சரி. ஃபேருக்குப் போக 3-வது லைனில் இரண்டே நிறுத்தம், கெசுன். அங்கே 8-வது லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் சின்காங்தோங். வரைபடத்தில் பார்க்க அரை மணி நேர வேலைதான். நடப்பில் இந்த 3-வது லைன் நகரத்திலேயே நெரிசல் மிகுந்தவற்றில் ஒன்று. காலை 8 முதல் 9 வரை ஸ்டேஷன் வாசலிலேயே கம்பி கட்டி ஆட்களை வளைத்து வளைத்து விடுவார்கள். வரும் முதல் ரயிலில் ஏற முடியாமல் போவது சாதாரணம்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. நியூ டவுனின் நடு அச்சுக்குக் கீழே ஏபிஎம் என்ற ஓட்டுநரில்லாத குட்டி ரயில் லின்ஹேசியிலிருந்து கான்டன் டவர் வரை ஓடுகிறது. டவரில் இறங்கி மேலே வந்தால் ஹைஜு டிராம். ஆற்றங்கரையோரமாகவே போய் ஃபேர் வளாகத்தின் வடபுறத்தில் நிற்கும். மெதுவாகத்தான் போகும், ஆனால் பையோடு நிம்மதியாக ஏறலாம். ஏபிஎம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. டாக்சியை நம்பித் திட்டம் போடாதீர்கள். மாலை 6 மணிக்கு ஃபேர் முடிந்ததும் பாசோ சாலைகள் நின்றுவிடும். ஃபேர் அறிவித்த ஹோட்டல்களுக்கு இலவசப் பேருந்து இருக்கிறது. உங்கள் ஹோட்டல் அந்தப் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள்.

இந்தியச் சாப்பாடு முக்கியம் என்றால் 5-வது லைனில் சியாவ்பெய், தாவ்ஜின் பக்கம் பாருங்கள். இந்தியர், அரபிகள், ஆப்பிரிக்க வியாபாரிகள் வெகுநாளாகப் புழங்கும் இடம். ஹலால் கடைகள் உண்டு, வாடகையும் நியூ டவுனைவிடக் குறைவு. கட்டடங்கள் பழசு, ஃபேருக்கும் தூரம். துணி வியாபாரிகளுக்கு ஃபேரைவிட 8-வது லைனில் ஜோங்தா துணிச் சந்தைதான் முக்கியம் என்றால் அந்த லைனிலேயே எங்காவது தங்குவது நல்லது.

இனி அறை. ஹோட்டல் பதிவு செய்யும் செயலியில் விளம்பரப் படத்தைத் தாண்டிப் படிக்க வேண்டியவை சில உண்டு. திறந்த ஆண்டு, கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு இரண்டும் சீனச் செயலிகளில் தெளிவாகப் போட்டிருக்கும். 5 நட்சத்திரமாக இருந்து 15 ஆண்டாகப் புதுப்பிக்காத ஹோட்டலைவிட, சென்ற ஆண்டு திறந்த நடுத்தரச் சங்கிலி ஹோட்டல் பல மடங்கு மேல். ஜி, அடூர் போன்ற சீனச் சங்கிலிகளின் பெரும்பாலான கிளைகளில் நாமே துவைத்துக்கொள்ளும் வாஷிங் மெஷின் இருக்கிறது. பத்து நாள் பயணத்துக்கு இரண்டு செட் துணி போதும்.

அடுத்தது ஜன்னல். ஒரே ஹோட்டலில் ஒரே படத்துக்குக் கீழே 80 யுவான் குறைவாக ஒரு அறை தெரிந்தால், அது அநேகமாக ஜன்னல் இல்லாத அறை. சீனத்தில் "வூ சுவாங்" என்றால் ஜன்னலே இல்லை. "நெய் சுவாங்" என்றால் ஜன்னல் நடைபாதையையோ கட்டடத்தின் உள்கூட்டையோ பார்த்து இருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் இந்த வரி அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். ஓரிரவு தூங்க மட்டும் என்றால் சரி, ஐந்து நாளுக்கு வேண்டாம். படுக்கையின் அகலத்தையும் பாருங்கள். இருவர் தங்கும் அறையில் கட்டில்கள் 1.2 மீட்டரா 1.35 மீட்டரா என்று போட்டிருக்கும். 25 சதுர மீட்டர் என்பது சுமார் 270 சதுர அடி. இரண்டு பெரிய பெட்டி, சாம்பிள் அட்டைப்பெட்டி இருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள்.

வசந்த கால ஃபேருக்குப் போகிறவர்கள் "ஹுய் நான் தியன்" என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து திடீரென்று ஈரக்காற்று திரும்பும். குளிர்ந்திருக்கும் சுவரிலும் தரையிலும் அந்த ஈரம் படிந்து சுவரே வியர்த்து வழியும். விரலால் தொட்டால் நனையும், கண்ணாடியில் முகம் தெரியாது, காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. கீழ்த்தளத்தில் கார்ப்பெட் போட்ட அறையில் பூஞ்சை வாடை கிளம்பும். தோல் சாம்பிளை அலமாரியில் வைத்தால் வெள்ளை படர்ந்துவிடும். அப்போது காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறப்பதுதான் பெரிய தவறு. மூடி வைத்து ஏசியை ஈரம் நீக்கும் நிலையில் ஓட விடுங்கள். பதிவு செய்யும்போதே மேல்தளம், மரத்தரை, புகைபிடிக்காத அறை என்று குறிப்பு எழுதுங்கள். மாடிக் கணக்கில் ஒரு எச்சரிக்கை: அங்கே தரைத்தளமே 1-வது மாடி, பல கட்டடங்களில் 4, 13, 14 இருக்காது.

சட்டப்படி வெளிநாட்டவர் தங்கும் இடம் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும். ஹோட்டலில் ரிசெப்ஷனே இதைச் செய்துவிடும். வெளிநாட்டவரை ஏற்க அனுமதி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசு அறிவித்தது. ஆனாலும் சின்ன விடுதிகளில் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாமல் கையை விரிப்பது இன்னும் நடக்கிறது. செயலியில் "சீனப் பெருநிலத்தவருக்கு மட்டும்" என்று விலைக்குக் கீழே இருந்தால் அதைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் செயலியின் அரட்டையில் "இந்திய பாஸ்போர்ட், இத்தனை பேர், ஏற்பீர்களா" என்று சீனத்தில் மொழிபெயர்த்துக் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏமாற்றம் அதிகம் வருவது சர்வீஸ் அபார்ட்மெண்டில். சீனத்தில் "கோங்யூ". நியூ டவுனிலும் பாசோவிலும் ஒரே அலுவலகக் கோபுரத்தில் வெவ்வேறு மாடிகளை வெவ்வேறு ஆட்கள் வாடகைக்கு எடுத்து, ஒரே மாதிரியான பெயரில் நடத்துவார்கள். படத்தில் பெரிய ஹோட்டல் போலத் தெரியும். போய் நின்றால் ரிசெப்ஷன் 17-வது மாடியில் ஒரு மேசையாக இருக்கும், அல்லது கதவு எண்ணை மொபைலில் அனுப்புவதோடு சரி. சமையலறை கிடைக்கிறதே என்று எடுப்பதில் தப்பில்லை, ஆனால் போலீஸ் பதிவை யார் செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். செய்யாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில், 2,000 யுவான் வரை அபராதம் போடலாம்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், செயலி விடாது. இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டுப் பதிவு செய்துவிட்டு, ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கவுண்டரில் பெயரைச் சொல்லித் தேட விடாமல், செயலியில் ஆர்டர் எண்ணின் சீனப் பக்கத்தைக் காட்டினால் உடனே எடுத்துவிடுவார்கள். அறையில் இருவர் என்றால் இருவரின் பாஸ்போர்ட்டும் வேண்டும். புகைப்படம் உள்ள பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றையும் நகல் எடுப்பார்கள்.

அடுத்து "யாஜின்", அதாவது முன்பணம். சில இடங்களில் கிடையாது, சில இடங்களில் 200 முதல் 500 யுவான், பெரிய ஹோட்டலில் ஒரு நாள் வாடகை. இந்தியக் கார்டில் பிடித்து வைத்தால் விடுவிக்கப் பல நாள் ஆகலாம். ரொக்கமாகக் கொடுத்து ரசீதை பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது, காலி செய்யும்போது அதைக் கேட்பார்கள். வாடகையைச் செயலியிலேயே கட்டிவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டை இணைத்து, பணம் கட்டும் சீனச் செயலியான அலிபேயில் ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதம் கட்டணம் வரும். 2,400 யுவான் பில்லுக்கு 72 யுவான். கணக்குக்கு பில் வேண்டும் என்றால் "ஃபாபியாவ்" என்று கேளுங்கள். அரசு வரி ரசீது அதுதான். நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டினால் அதில் போட்டுத் தருவார்கள்.

ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் எதுவும் வராது. 5 நட்சத்திரத்திலும் பெரும்பாலும் இதே கதைதான். இந்திய ரோமிங் அல்லது வெளிநாட்டு இ-சிம் டேட்டாவில் வரும், அந்த டேட்டா சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகப் போவதால். கூகுள் வரைபடத்தில் ஹோட்டல் தேடாதீர்கள். சீனாவின் ஆயத்தொலைவு முறை வேறு, புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். "எதிரே மெட்ரோ" என்று தெரிந்தது பெரிய சாலைக்கு அப்புறம் இருக்கும். ஆமாப் என்ற சீன வரைபடச் செயலியில் மெட்ரோவின் எந்த வாசல் என்பது வரை காட்டும்.

காலை உணவு சேர்ந்த விலையா சேராததா என்று பார்க்கும்போது சைவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். காய்கறி என்று வைத்திருப்பதிலும் பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாறோ இருக்கலாம். "வோ சி சூ" என்றால் நான் சைவம். முட்டை, பழம், வேகவைத்த சோளம், சர்க்கரைவள்ளி எல்லா இடத்திலும் கிடைக்கும். பல அறைகளில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் இருக்கும், உடனடி உப்புமா பாக்கெட் கைகொடுக்கும். மின்சாரம் 220 வோல்ட், நம்முடைய 230-க்குப் பக்கம்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, ஒரு அடாப்டர் எடுத்துப் போங்கள்.

சப்ளையரை அறைக்கு வரச் சொன்னால் அவரும் கீழே அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்ய வேண்டும். லாபியில் மேசை இருக்கும் ஹோட்டலாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. செக்-இன் பிற்பகல் 2, காலி செய்வது மதியம் 12. இரவு விமானம் என்றால் பெட்டியை "ஜிசுன்" என்று சொல்லி ரிசெப்ஷனில் விட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்துக்கு மெட்ரோவில் 3-வது லைன்தான் போகிறது. மாலை 5 முதல் 7 வரை பெரிய பெட்டியோடு அதில் ஏற முயலாதீர்கள். மதியமே கிளம்புங்கள், அல்லது நெரிசல் அடங்கிய பிறகு.