என் பகைவர், ஒரு தையல்காரர்

டோர்ட்மண்டில் எனக்கு அது முதல் குளிர்காலம். குடியேறி வருபவர்களுக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு என்று ஜெர்மனியில் 2005 முதல் நடக்கிறது: மொழிக்கு 600 மணி நேரம், நாட்டைப் பற்றி 100 மணி நேரம். அதில் சேர்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் சிரியாவிலிருந்து வந்த ஒரு தையல்காரர்.

பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்தச் சொன்னார் ஆசிரியை. நண்பருக்கு ஜெர்மனில் 'ஃப்ரொய்ன்ட்'. எழுத்தைப் பார்த்து, பாதி ஆங்கிலமாக வாயைத் திறந்தேன். நடுவில் 'ர' நழுவிவிட்டது. "இவர் என் ஃபைன்ட்" என்றேன். அதாவது, என் பகைவர்! வகுப்பே சிரித்தது. தையல்காரர்தான் அதிகம் சிரித்தார்.

ஆசிரியை இரண்டையும் பலகையில் எழுதினார். ஒரே வார்ப்பில் வந்த சொற்களாம். முன்னது பழைய மொழியில் 'நேசிக்கிறவன்', பின்னது 'வெறுக்கிறவன்'. வெறுத்தலைச் சொன்ன அந்தப் பழைய வினை எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. வெறுக்கிறவன் மட்டும் மிச்சம். ஆங்கிலத்தில் அவனுடைய பங்காளி 'ஃபீண்ட்' பிசாசாகவே ஆகிவிட்டான்.

அப்புறம் எங்கு பார்த்தாலும் இந்த இரண்டும்தான். பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலில் 'உம்வெல்ட்ஃப்ரொய்ன்ட்லிஷ்': சுற்றுச்சூழலுக்கு நண்பன். பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடாத குடியிருப்பு என்றால் 'கிண்டர்ஃபைன்ட்லிஷ்'. ஒருநாள் ரயிலில் எதிரே இருந்தவரின் செய்தித்தாளில் 'அவுஸ்லெண்டர்ஃபைன்ட்லிஷ்கைட்' என்று நீளமாக ஒரு சொல். வெளிநாட்டவர் மீதான பகைமை. அகராதி இல்லாமலே புரிந்தது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

நம் 'பகை' எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு யோசித்தேன். பகு என்றால் பிரி; அதில் கிளைத்ததுதான் பகை. 'இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்' என்று குறளில் வரும் பகலும் சூரியன் இருக்கும் பகல் அல்ல, ஒட்டாமல் பிரிந்து நிற்பது. ஜெர்மன் சொல்லில் ஒருவன் மனசுக்குள் இருக்கும் வெறுப்பு. நம் சொல்லில் இருவருக்கு நடுவே விழுந்த பிளவு. எனக்கு நம்முடையதுதான் சரியாகப் படுகிறது. படிக்கட்டில் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகும் கீழ்வீட்டு அம்மாவுக்கு என்மேல் வெறுப்பு என்று எப்படிச் சொல்வது? அவர் மனசு எனக்கென்ன தெரியும்? நடுவில் இருக்கும் விரிசல்தான் தெரிகிறது.

தையல்காரர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். போனை எடுத்ததும் முதல் வார்த்தை இன்றும் இதுதான்: "என்ன ஃபைன்ட், சௌக்கியமா?"