சேற்றுக் காணிக்கும் விலை உண்டு
கொழும்புக்கு வடக்கே, முத்துராஜவெலச் சதுப்பு ஓரமாகக் கிரவல் கொட்டி நிரப்பிய காணிகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான் பறவை, அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் புழு எடுக்கிற நிலம் அது. இங்கே தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் திரும்பிப் பறக்க உடலில் தெம்பிருக்கும். இறுகிய கிரவலில் அந்த மெல்லிய அலகு இறங்குமா?

2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரமானது. எனக்கும் பெருமைதான். ஆனால் பறவை நகர எல்லை பார்த்து இறங்குவதில்லை.

கரையோரச் சதுப்பில் தனியார் கையிலுள்ள காணிகளை அரசு நியாய விலைக்கு வாங்கட்டும். உரிமையாளர் வயிற்றில் அடிக்க வேண்டாம், களப்பில் வலை வீசுகிறவரையும் மறிக்க வேண்டாம். அடுத்த டிப்பர் வருவதற்குள் வாங்கட்டும்.