‘ஐ டவுட்’ என்றால் மழை வரும்

கிளாஸ்கோவுக்கு வந்த மூன்றாவது வாரம். சனிக்கிழமை காலை, துவைத்த துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்முற்றத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் குடியிருக்கும் அம்மா எதிரே ஏறி வந்தார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். என் கூடையைப் பார்த்தார், படிக்கட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார், “ஐ டவுட் இட்’ல் ரெயின், ஹென்” என்றார். மழை வருவது சந்தேகம்தான் என்கிறார் போல, நல்லதாகப் போயிற்று என்று எல்லாவற்றையும் கொடியில் விரித்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரத்தில் அடித்து ஊற்றியது. படுக்கை விரிப்பு, கணவரின் சட்டைகள், மகளின் பள்ளிச் சீருடை எல்லாம் நனைந்து தொங்கின.

மாலையில் மறுபடி பார்த்தபோது, “காலையிலேயே சொன்னேனே கண்ணு” என்றார். நீங்கள் மழை வராது என்றுதானே சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். இல்லை, வரும் என்றுதான் சொன்னேன் என்றார். இருவரும் அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு படிக்கட்டில் நின்றோம். கடைசியில்தான் விளங்கியது. ஸ்காட்லாந்தில் ‘ஐ டவுட்’ என்று தொடங்கினால், ‘அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது’ என்று பொருள். நான் படித்த ஆங்கிலத்துக்கு நேர் எதிர்.

அன்றிரவு தூக்கம் வரும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ‘சந்தேகம்’ மட்டும் என்ன? ‘அவர் வருவது சந்தேகம்’ என்றால் வரமாட்டார். ‘அவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்’ என்றால், எடுத்திருப்பார் என்று நினைக்கிறோம். ஒரே சொல் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது. அந்த அம்மாவின் ‘டவுட்’ நம்முடைய இரண்டாவது சந்தேகம், அவ்வளவுதான். தமிழ் வழியாக இப்படிப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தச் சொல்லில் நான் தடுமாறியதே இல்லை.

இங்கே வருவதற்கு முன் ஆங்கிலத் தேர்வுக்காக ஆறு மாதம் படித்திருந்தேன். அரிய சொற்கள் என்று தடிமனான பட்டியல் ஒன்று. தினம் இருபது சொல் மனப்பாடம். அதில் இருந்த எதையும் யாரும் என்னிடம் இதுவரை பேசவில்லை. அதற்காக அந்தப் பட்டியலைக் குறை சொல்லவும் முடியாது. தெரியாத சொல் வந்தால் நாம் நின்று கேட்டுவிடுகிறோம். தெரிந்த சொல் வேறு பொருளோடு வந்தால் கேட்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை. அதனால் ஒரு நோட்டு வாங்கி, முன்பக்கத்திலிருந்து தெரியாத சொற்களையும், பின்பக்கத்திலிருந்து தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்களையும் எழுத ஆரம்பித்தேன். பின்பக்கம்தான் வேகமாக நிறைந்தது.

அதில் முதல் வரி ‘ஹென்’. பேருந்து ஓட்டுநர் முதல் நாளே என்னை அப்படிக் கூப்பிட்டார். கோழி என்கிறாரே என்று முகம் சுருங்கிவிட்டது. கிளாஸ்கோவில் பெண்களை அன்பாகக் கூப்பிடும் சொல் அது. நாம் ‘கண்ணு’, ‘தாயி’ என்பதைப் போல. இப்போது யாராவது ‘மேடம்’ என்றால்தான் எனக்கு அந்நியமாக இருக்கிறது.

அடுத்தது ‘க்ளோஸ்’. பொட்டலம் கொண்டுவந்தவர் தொலைபேசியில் “நான் உங்கள் க்ளோஸில் நிற்கிறேன்” என்றார். பக்கத்தில் வந்துவிட்டார் என்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய கல் கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் பொதுவான நுழைவழியும் படிக்கட்டும் சேர்ந்ததுதான் க்ளோஸ். அந்த ஆள் என் வீட்டு வாசலுக்கு இரண்டு மாடி கீழே நின்றிருந்தார். அதே க்ளோஸில், ‘ஃபேக்டரைத் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஃபேக்டர் என்றால் காரணி. இங்கே அது கட்டடத்தின் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் நிர்வாகி. ஃபேக்டர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2011-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அப்புறம், ‘மெசேஜஸ்’ வாங்கப் போகிறேன் என்றால் வீட்டுச் சாமான் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். ‘பர்ன்’ என்றால் ஓடை. சனிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று நான் சொன்னதற்கு உடன் வேலை செய்பவர் “ஹௌ?” என்று கேட்டார். எப்படி வர முடியாது என்பதற்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டது ‘ஏன்’ என்று.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ‘பேக் ஆஃப் நைன்’ மட்டும் எங்களுக்கு உண்மையிலேயே கஷ்டத்தைக் கொடுத்தது. ஜனவரி மாதம் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் தொலைபேசியில் “பேக் ஆஃப் நைன் வருகிறேன்” என்றார். பேக் என்றால் பின்னோக்கி. அப்படியானால் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னதாக என்று எடுத்துக்கொண்டேன். எட்டரையிலிருந்து காத்திருந்தேன். ஒன்பது அடித்தும் ஆள் வரவில்லை. இனி வரமாட்டார் என்று கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினேன். அவர் ஒன்பது பத்துக்கு வந்து, மணி அடித்துப் பார்த்து, சீட்டு ஒன்றைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்து அவர் வர நான்கு நாள் ஆயிற்று. மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கவைத்துக்கொண்டோம்.

‘பேக் ஆஃப் நைன்’ என்றால் ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரத்தில். இதில் எனக்கு இன்னும் மனசு ஆறாத ஒன்று உண்டு. தமிழில் யோசித்திருந்தால் சரியாகப் புரிந்திருக்கும். நமக்குப் ‘பின்’ என்றால் முதுகுப் பக்கமும் அதுதான், பிறகு என்பதும் அதுதான். ஒன்பதின் பின். வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் அவர் சொல்லியிருக்கிறார். நான்தான் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதே வகுப்பில் இரண்டு விஷயங்களைச் சிவப்பு மையில் அடிப்பார்கள். ஒன்று, கேள்வி கேட்கும்போது ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது. இன்னொன்று, குடியிருக்கும் இடத்தைச் சொல்லும்போது ‘ஐ ஸ்டே’ என்பது. ஸ்டே என்றால் விருந்தாளியாகத் தங்குவது, குடியிருப்பதற்கு ‘லிவ்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அடித்து அடித்துத் திருத்தினார்கள். நானும் நாக்கைப் பழக்கிக்கொண்டேன். இங்கே வந்தால், பள்ளி வாசலில் என்னோடு முதன்முதலில் பேசிய தாய் “வேர் டு யூ ஸ்டே?” என்று கேட்கிறார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. தங்கிவிட்டுப் போகிறவள் என்று பார்க்கிறார்களா? நாங்கள் சாமானை எல்லாம் விற்றுவிட்டு, பெற்றவர்களிடம் அழுதுவிட்டு வந்தவர்கள். புது இடத்தில் இருக்கும்போது இப்படி ஒரு சொல் போதும், மனம் நாள் முழுக்க அதையே சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு கவனித்தேன். அந்தத் தாய் எல்லோரிடமும் அப்படியேதான் கேட்டார். மேல்மாடி அம்மாவும், “இதே க்ளோஸில் நாற்பத்தொரு வருஷமாக ஸ்டே பண்ணுகிறேன்” என்கிறார். நாம் ‘எங்கே இருக்கீங்க’ என்று கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் எனக்குத் தெரியாது. நானும் தயக்கமில்லாமல் ‘ஐ ஸ்டே’ என்றே சொல்கிறேன்.

நோட்டின் முன்பக்கத்தில் எனக்குப் பிடித்த சொல் ‘ட்ரீஃக்’. மூட்டமாய், ஈரமாய், எப்போது விடியும் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும் நாளைச் சொல்வது. ஏரிக்கு ‘லாஃக்’ என்பார்களே, அந்தக் கடைசி ஒலிதான் இதிலும். எங்கள் அலுவலகத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் அதை ‘லாக்’ என்றுதான் சொல்வார். எனக்கு அது தானாக வந்துவிட்டது. எஃகு என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். ஆய்தமும் ககரமும் சேரும் இடத்தில் தொண்டை உரசுகிறதே, கிட்டத்தட்ட அதே இடம். பள்ளியில் மூன்று புள்ளி வைத்து எழுதிப் பழகிய எழுத்து, கிளாஸ்கோ வானிலையைச் சொல்ல உதவும் என்று நினைத்ததே இல்லை.

மழைக்கே இங்கே எத்தனையோ பெயர்கள். ‘ஸ்மர்’ என்பது கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டே நனைக்கும் தூறல். தூவானம் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் தூவானம் பெருமழையின் மிச்சம் அல்லது காற்று கொண்டுவரும் சாரல். ஸ்மர் தானே ஒரு முழு மழை. பனிக்குக் கேட்கவே வேண்டாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்ஸ் சொற்களைத் தொகுப்பவர்கள், பனி தொடர்பாக மட்டும் 421 சொற்கள் கிடைத்ததாக 2015-ல் சொன்னார்கள்.

‘அவுட்வித்’ வேறு வகை. வீட்டுப் பராமரிப்புக் கடிதத்தில் ‘அலுவலக நேரத்துக்கு அவுட்வித்’ என்று வந்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ‘வித்இன்’ உள்ளே என்றால் ‘அவுட்வித்’ வெளியே. எவ்வளவு நேர்த்தியான ஜோடி! இங்குள்ளவர்கள் பலருக்கு இது ஸ்காட்லாந்துக்கு வெளியே புழங்காத சொல் என்பதே தெரியாது. மருத்துவமனைக் கடிதத்திலும் பள்ளிச் சுற்றறிக்கையிலும் சாதாரணமாக வரும்.

இவற்றில் பலவும் விசித்திரமான ஆங்கிலம் அல்ல, ஸ்காட்ஸ் மொழியின் சொற்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து வளர்ந்த மொழி அது. ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. ஸ்காட்டிஷ் தேசிய அகராதி 1931-ல் தொடங்கி 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. பழைய ஸ்காட்ஸ் அகராதி பன்னிரண்டு தொகுதிகள், 2002-ல்தான் முடிந்தது. இரண்டையும் சேர்த்து 2004-ல் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். என் நோட்டை நான் சரிபார்ப்பது அதில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் தடவையாக ஸ்காட்ஸ் பற்றிக் கேட்டபோது, பேசத் தெரியும் என்று 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மேல்மாடி அம்மா பள்ளியில் இந்தச் சொற்களைப் பேசியதற்காக உள்ளங்கையில் தோல்வாரால் அடி வாங்கியவர். எனக்குச் சொல் சொல்லிக்கொடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். முதலில் எனக்குக் காரணம் தெரியவில்லை.

போன இலையுதிர் காலத்தில் பெய்ஸ்லியில் ஒரு முழுநேர வேலை கிடைத்தது. போனால் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆள் இல்லை. போகாவிட்டால் கணக்கு வாத்தியார் வேலைக்கு மறுபடி எப்போது திரும்புவது? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். “ஸ்விதரிங், ஹென்?” என்று கேட்டபடி அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். இதா அதா என்று முடிவு எடுக்க முடியாமல் இருப்பதுதான் ஸ்விதர். எங்கள் மொழியில் மதில்மேல் பூனை என்போம், எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மதில் அவர் வாயில் நிற்கவில்லை. பூனை நின்றுவிட்டது. மகளைப் பள்ளியிலிருந்து தானே அழைத்துவருவதாகவும் சொன்னார். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

நேற்றுக் காலை கிளம்பும்போது க்ளோஸ் வாசலில் நின்றிருந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குடை. குடையை எடுத்துப் போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “பூனை, ஹென்” என்றார்.

நானும் வானத்தைப் பார்த்தேன். “ஐ டவுட் இட்’ல் ரெயின்” என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டார்.