‘ஜெயா’வும் ‘ஜெயலட்சுமி’யும் ஒருவரேதான்

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இல் அம்மாவின் கார்டு போன வாரம்தான் கைக்கு வந்தது. அப்பா காலமாகிப் பதினொரு மாதம் ஆகிறது. அதில் ஏழு மாதத்தை ஒரு பெயர் தின்றுவிட்டது.

அப்பா 1994-ல் ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1996 ஜனவரி 1-க்கு முன் வெளியே வந்தவர்களுக்குத் திட்டத்தில் சேரச் சந்தா கிடையாது என்பதால் பணத் தொல்லை இல்லை. பழைய கார்டுகளைப் புதிய 64 கேபி ஸ்மார்ட் கார்டாக மாற்றச் சொன்னபோது, "எனக்கென்னடா வந்துடப் போகுது" என்று அவர் விட்டுவிட்டார். அம்மாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தோம். ஆன்லைனில் எல்லாவற்றையும் ஏற்ற ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: பெயர் பொருந்தவில்லை.

ஆதாரில் ஜெயலட்சுமி. அப்பாவின் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் ஜெயா. கல்யாணத்தை ராணுவத்தில் பதிவு செய்ய எழுதிக் கொடுத்தபோது, அப்பா தான் வீட்டில் கூப்பிடும் பெயரையே கொடுத்திருக்கிறார்! யாரைக் குறை சொல்வது? ஆனால் நான் போய் நின்ற அலுவலகத்தில் இருந்தவரைச் சொல்லியே ஆகவேண்டும். தலையை நிமிர்த்தாமல், "ரெக்கார்டுல மாத்திட்டு வாங்க" என்றார். எந்த ரெக்கார்டு, எங்கே, எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குத் தெரியணும் சார்." இரண்டு முறை லீவு போட்டுப் போனேன். இரண்டு முறையும் அதே பதில்தான்.

இந்த இடைவெளியில்தான் அம்மாவுக்கு ராத்திரியில் நெஞ்சு வலி. கடலூரிலிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு ஓடினோம். வாயுதான் என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். பில் முப்பத்தெட்டாயிரம், முழுக்க என் கையிலிருந்து. கார்டு இருந்திருந்தால் அவசரத்துக்கு, திட்டத்தின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக்கின் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) வேண்டாம், திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். பட்டியலில் இல்லாத இடமானாலும் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டால், திட்டத்தின் கட்டண விகிதப்படி பிறகு கேட்டு வாங்கலாம். அந்த 48 மணி நேரத்தை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஞாபகம் வராது.

வழி காட்டியவர், பாலிகிளினிக் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதார். "தம்பி, அப்பா ஆர்மியிலேருந்து வந்தப்போ கொடுத்த டிஸ்சார்ஜ் புக் வெச்சிருக்கியா? மொதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு." வைத்திருந்தேன், ஆனால் 2011 தானே புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்த புத்தகம் அது. குடும்ப விவரம் எழுதிய பக்கத்தை நெஞ்சு படபடக்கப் பிரித்தேன். நீல மசி ஊறி, 'ஜெயா'வுக்குப் பின்னால் ஒரு கறை. எழுத்தா, தண்ணீரா என்று இன்றுவரை தெரியாது. சுபேதார் சிரித்துவிட்டு, இதை நம்பாதே, நோட்டரியிடம் இரண்டும் ஒரே ஆள் என்று அஃபிடவிட் போடு, அம்மா கையெழுத்தோடு மனு வை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ராணுவப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பு என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்த பாடம்!

அப்புறம் காத்திருப்புதான். திருத்திய பி.பி.ஓ. வந்ததும் மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை எந்தக் கேள்வியும் இல்லை.

அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய பி.பி.ஓ., அம்மாவின் ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் மேஜையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியலையும் சேர்த்து. அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற நிலையில் முடியும் வேலை, பிறகு ஏழு மாதம் ஆகும். கார்டு வந்த பிறகும் அவசரமில்லாத சிகிச்சைக்குப் பொதுவாக ரெஃபரல் வாங்கித்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டு மாமா நேராகப் போய் ஒரு நாளை வீணாக்கிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் பரிசோதனை. ரெஃபரல் வாங்கியாயிற்று. அஃபிடவிட்டை மட்டும் ஆறு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.