அம்மாவின் பிரஷர் நோட்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டார். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிரஷர் 100/60, அவருக்கு ரொம்பக் குறைவு. "வழக்கமா எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் பதில் தெரியவில்லை.

சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளை அவிழ்த்துக் காட்டினார். எல்லாம் மெடிக்கலில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டைகள். பேர் இருக்கிற பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. டாக்டர் அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, மிச்சமிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். வேறு வேறு நிறத்தில் இருந்த இரண்டு அட்டையும் ஒரே மருந்துதான், பிரஷரைக் குறைக்கிற அம்லோடிபின். ஒன்று ஒரு கிளினிக்கில் எழுதியது, இன்னொன்று வேறொரு இடத்தில் எழுதியது. கம்பெனி மட்டும்தான் வேறு. அம்மா இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். காலில் வீக்கம் இருந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். குளிரில் நின்று வேலை பார்த்த கால், அதனால் வீங்குகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஒண்ணை நிறுத்துங்க. உங்க ஊர் பி.எச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) பதிஞ்சு, மாசாமாசம் ஒரே இடத்துல காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு உறுத்தியது இதுதான். நான் பி.காம். என் பிரசவ காலத்திலிருந்து குன்னூரில் ஒரே டாக்டரிடம்தான் போகிறேன். அவரிடம் என் ஃபைல் இருக்கிறது, எனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அம்மா சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவர். இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. 1974ல் பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர், அதன் பிறகு கொழுந்துக் கூடையோடு சரி. ஒரே வீட்டில் இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம். இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்புகளிலும் படிப்பு குறைந்தவர்களுக்குத்தான் 'இவர்தான் எங்கள் டாக்டர்' என்று சொல்ல ஆள் இருப்பது குறைவு. அங்கே பணமும் இன்ஷூரன்சும் பெரிய காரணம். ஆனால் எங்கள் ஊர் பி.எச்.சி.யில் காசே வாங்குவதில்லையே, அப்புறம் ஏன் அம்மா அங்கே போகவில்லை?

ஒரு ராத்திரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "போன மாசம் ஏன் வரலன்னு கேப்பாங்க பாப்பா. சீட்டு எங்கன்னு கேப்பாங்க. எனக்கு எது எந்தச் சீட்டுன்னு தெரியாது. நாலு பேர் முன்னாடி வஞ்சிட்டா? புது எடம்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அன்றைக்குத்தான் புரிந்தது. டாக்டர் மாற்றி டாக்டர் அம்மா போனது அலட்சியத்தால் இல்லை. போன இடத்துக்கே திரும்பிப் போக அவருக்குப் பயம். கல்லூரியில் எனக்கு யாரும் பிரஷரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் சீட்டைப் பத்திரமாக வைக்கவும், 'அடுத்து எப்ப வரணும் மேடம்?' என்று கூசாமல் கேட்கவும் பழகியிருந்தேன். அம்மாவுக்கு அந்த வழக்கம் வாய்க்கவே இல்லை.

அதற்காக அம்மாவுக்கு எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. 1951ம் வருடத்து தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவ வசதி செய்து கொடுப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. அங்கிருந்த கம்பவுண்டருக்கு லைன் வீட்டு ஆட்கள் எல்லோரையும் பேர் சொல்லித் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அங்கே ஒரு நிரந்தர இடம் இருந்தது. வேலையிலிருந்து நின்று வீட்டைக் காலி செய்த அன்றோடு அந்த இடம் போயிற்று. அதற்குப் பதிலாக எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, நாங்கள் எப்படிப் பதிந்தோம் என்பதைச் சொல்கிறேன். முதலில் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தேன். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 20,000 பேருக்கு ஒரு பி.எச்.சி. என்பது அரசு வைத்திருக்கும் அளவு. எந்த பி.எச்.சி. எங்களுடையது, சர்க்கரை பிரஷர் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று அவரே சொன்னார். ஆதார் கார்டும் போன் நம்பரும் போதும் என்றார். அம்மாவின் போனில் மெசேஜ் படிக்க முடியாது, என் நம்பரைக் கொடுத்தேன்.

முதல் நாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் போய் ஊசி குத்தப் போகும்போது நர்ஸ் கேட்டார், "ஒண்ணும் சாப்பிடலையே பாட்டி?" "இல்லம்மா, தேத்தண்ணி மட்டுந்தான், சீனி போட்டு." சோறு தின்னாமல் வந்தால் அது வெறும் வயிறு என்பது அம்மாவின் கணக்கு. இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் இதை விளக்கியதே இல்லை. வஞ்சிவிடுவார்களோ என்று அம்மாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. அந்த நர்ஸ் திட்டவில்லை. "தண்ணி மட்டும் குடிக்கலாம் பாட்டி, நாளைக்கு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா மறுநாள் வந்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுநாள் பிரஷர் 150/90, சர்க்கரையும் இருந்தது. ஒரு நோட்டு போட்டு, பதிவு நம்பர் எழுதி, மாத மாத்திரையைக் காகித உறையில் கொடுத்தார்கள். நான் கேட்டதும் நர்ஸ் உறை மேல் பேனாவால் ஒன்றில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் வரைந்து கொடுத்தார். அம்மா அந்த உறைகளைத் தூக்கிப் போடுவதில்லை. புது மாத்திரை வந்தால் பழைய உறையிலேயே மாற்றி வைத்துக்கொள்கிறார். நீங்களும் உங்கள் வீட்டில் படிக்காத பெரியவர்கள் இருந்தால் தயங்காமல் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ம் தேதி தொடங்கிய திட்டம். பதிந்த பிறகு அதில் எங்கள் பகுதித் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். மழை நாளில் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போனது. நடுவில் பி.எச்.சி. டாக்டரும் மாறுதலாகிப் போனார். எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. ஆனால் புதிதாக வந்தவர் நோட்டைப் புரட்டி, பழைய அளவுகளைப் பார்த்துவிட்டு, சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணையும் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆள் மாறினாலும் நோட்டு இருந்ததால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் மேல் வீட்டு அத்தை, இரண்டு துண்டு மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன் என்று அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார். "வெறும் வயித்துல வரணும். தேத்தண்ணியும் கூடாது, பச்சத் தண்ணி மட்டுந்தான். வைய மாட்டாங்க, வா."