வனிலா: காய் கம்பளிக்குள் போன கதை

போன பருவத்தில் கையால் மகரந்தம் சேர்த்த வனிலாக் காய்கள் இப்போது பெட்டிக்குள் பக்குவமாகிக்கொண்டிருக்கின்றன. திறந்தாலே வாசனை தூக்குகிறது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

வளர்ப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வனிலா ஒரு ஆர்க்கிட் கொடி. தண்டு நட்டு மூன்று ஆண்டு போலக் காத்திருக்க வேண்டும். பாதி நிழல், மக்கிய சருகு, தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். கொடியை மேலே ஏறவிடாமல் கைக்கு எட்டும் உயரத்தில் மடித்துத் தொங்கவிட்டேன். பூக்கும் காலத்துக்கு முன் நுனியைக் கிள்ளி, தண்ணீரையும் குறைத்தேன். தொங்கிய பகுதியில்தான் கொத்துகள் வந்தன.

பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் தளர்ந்துவிடும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பூவுக்குள் மகரந்தத் திரளுக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுப்பாக நிற்கிறது. அதனால் தானாகச் சேர்வது அபூர்வம். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையைத்தான் இன்றும் தோட்டங்களில் செய்கிறார்கள். நானும் அதையேதான் செய்தேன். இடது கையில் பூவைத் தாங்கி, உதட்டிதழை விலக்கி, பல்குத்தும் குச்சியின் முனையால் அந்த மடலை மேலே தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியின்மேல் மெல்ல அழுத்த வேண்டும். மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். கை பழகிவிட்டால் ஒரு பூவுக்குச் சில நொடிதான். சேர்ந்திருந்தால் பூ வாடியும் காம்பைவிட்டு விழாது. சேராதது ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். கொத்துக்கு எட்டுப் பத்துப் பூக்களோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் காய்க்கவிட்டால் காய் சிறுத்து, கொடியும் களைத்துவிடும்.

காய் ஒன்றரை மாதத்திலேயே முழு நீளத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் முதிர எட்டு, ஒன்பது மாதம் ஆகும். நுனியில் மஞ்சள் படரும்போது பறிப்பதுதான் சரி. விட்டுவிட்டால் வெடித்துவிடும், முந்தினால் வாசனைக்கான சரக்கு சேர்ந்திருக்காது. உலகத்தின் பெரும்பங்கு வனிலா விளையும் மடகாஸ்கரில், விலை ஏறும் ஆண்டுகளில் திருட்டுக்குப் பயந்து விவசாயிகள் காயை முன்கூட்டியே பறித்துவிடுவார்கள். அந்த ஆண்டுகளில் தரம் இறங்குவது அதனால்தான்.

பச்சைக் காயில் வனிலா வாசனை கொஞ்சமும் இல்லை. வாசனை தரும் வனிலின், சர்க்கரையோடு பிணைந்து குளுக்கோவனிலினாக அடைபட்டுக் கிடக்கிறது. காயின் உயிரணுக்கள் உடைந்தால்தான் நொதி அதைத் தொட்டுப் பிரிக்கும். அதற்காக 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கினேன். சூடு கூடினால் நொதியே செத்துவிடும் என்பதால் வெப்பமானியைப் பானையிலிருந்து எடுக்கவே இல்லை. பச்சை மங்கியதும் துடைத்து, சூட்டோடு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் மூடினேன். மறுநாள் காலையில் எல்லாம் பழுப்பாகி, மேலெல்லாம் வியர்த்திருந்தன. அப்போதும் வனிலா வாசனை இல்லை, வேகவைத்த காய்கறி வாசனைதான். அதன்பின் தினமும் சில மணி நேரம் வெயில், சூடு ஆறுவதற்குள் திரும்பவும் கம்பளி. அப்படிச் செய்யச் செய்ய அந்த வாசனை மாறி, உலர்ந்த பழத்தின் இனிப்பு எட்டிப் பார்த்தது. எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் மிகவும் பிடித்த கட்டம்.

அப்புறம் நிழலில் வலைத்தட்டில் பரப்பி, தினமும் ஒவ்வொன்றையும் விரலால் நீவிவிட்டேன். நீவும்போது எண்ணெய் கையில் ஒட்டும், காயும் நேராகும். விரலைச் சுற்றி வளைத்தால் ஒடியாமல் வளைந்தால் போதும், உலர்த்தலை நிறுத்திவிடலாம். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும் என்பார்கள். என் தராசும் ஏறக்குறைய அதையே சொன்னது. பெட்டியில் அடுக்கிய பிறகு பூஞ்சைதான் எதிரி. ஒரு காயில் வெள்ளையாகப் படர்ந்ததைப் பார்த்ததும் எடுத்தெறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவற்றை மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்தேன்.

கடையில் விற்கும் எசன்ஸோடு ஒப்பிட்டு முகர்ந்து பார்த்தேன். வனிலினைச் செயற்கையாகத் தயாரிக்க 1874இலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று வனிலா மணம் என்று விற்பதில் பெரும்பகுதி அந்த வகைதான். அதில் ஒரே மணம் நேராக வந்து நிற்கிறது. காயில் வனிலினோடு நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. கொஞ்சம் புகை, கொஞ்சம் மரம், பின்னால் ஒரு பழ இனிப்பு என்று அடுத்தடுத்து வருகின்றன. இவ்வளவு கைவேலைக்கு இந்த வித்தியாசம் தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் காயை நீளவாக்கில் கீறி, லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் மதுசாரத்தில் ஊறப்போட்டிருக்கிறேன். மீதி பெட்டியில் குறைந்தது மூன்று மாதம் இருக்கட்டும். அடுத்த பூப்பில் ஒவ்வொரு கொத்திலும் மகரந்தம் சேர்த்த தேதியைச் சீட்டில் எழுதிக் கட்டப்போகிறேன். ஒரே கொத்திலும் எல்லாக் காயும் ஒன்றாக முதிர்வதில்லை, தனித்தனியாகப் பார்த்துப் பறிக்க அது உதவும்.