பச்சை டைலும் ரோஸ் பேசினும்: பாத்ரூம் வேலை இதுவரை

எங்கள் வீடு காங்கேயத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள். 1988-இல் மாமனார் கட்டியது. ஆசாரம் என்கிற கூடமும் சமையலறையும் நடுவில் ஒருமுறை மாறிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் இருக்கிற பாத்ரூம் மட்டும் கட்டினபடியே நிற்கிறது. ஐந்தடிக்கு ஏழடி. தரை மொசைக். சுவரில் நாலடி உயரத்துக்கு 6க்கு 6 அங்குல வெளிர்பச்சை டைல், நடுநடுவே பூங்கொத்துப் போட்ட டைல் ஒன்றிரண்டு. அதற்கு மேலே உரிந்து தொங்கும் டிஸ்டம்பர். மூலையில் குந்தி உட்காரும் ஒரிசா பேன் கக்கூஸ். இத்தனையும் பச்சையும் வெள்ளையுமாக இருக்க, வாஷ்பேசின் மட்டும் ரோஸ் கலர். மாமா கோயமுத்தூர் போய் ஆசையாக வாங்கி வந்ததாம். அந்தக் காலத்தில் கலர் பேசின் இருந்தால் அது வசதியான வீடு.

திருப்பூரில் இருக்கும், எனக்கு அண்ணி முறையான நங்கையா போன தையில் தன் வீட்டு பாத்ரூமைப் புதுசாக்கினார். தரையிலிருந்து கூரை வரைக்கும் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய டைல், கண்ணாடித் தடுப்பு, சுவருக்குள் மறைந்த குழாய். பார்த்துவிட்டு வந்த பிறகு எங்களுடையது கண்ணை உறுத்த ஆரம்பித்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் போட்டுரலாங்கக்கா. ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும்” என்றார். உடைக்க வேண்டாமென்றால் இருக்கிற டைல் மேலேயே பசை வைத்து இன்னொரு டைல் ஒட்டலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார்.

அத்தைக்கு உடைப்பதில் இஷ்டமில்லை. வீட்டுக்காரர் அந்தத் தொகையைக் கேட்டதும் களத்தில் வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார். எனக்கோ ஞாயிற்றுக்கிழமையானால் கையில் ஏதாவது சாமான் இருக்க வேண்டும். பிரம்பு நாற்காலி பின்னியது, ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தது எல்லாம் அப்படித்தான். சரி, உடைப்பதா வேண்டாமா என்பது அப்புறம் இருக்கட்டும், அங்கே நிஜமாகவே கெட்டுப்போனது எது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போனால் போதும். நன்றாக ஒட்டியிருக்கும் டைல் கெட்டியாக, சுருக்கமாகச் சத்தம் கொடுக்கும். பின்னால் காலியாக இருந்தால் சத்தம் பொத்தென்று உள்வாங்கும். அப்படிக் கேட்டதையெல்லாம் சாக்பீசால் பெருக்கல் குறி போட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது குறிகள் எல்லாம் ஒரே வரிசையில், குழாய்க்கு நேர் மேலே, ஒரு டைல் அகலத்தில் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சுவருக்குள் ஓடும் ஜிஐ பைப்பின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், பாதை அது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். கூடினதும் மேலே இருக்கும் பூச்சையும் டைலையும் வெளியே தள்ளும். காலையில் முதல் சொம்புத் தண்ணீர் பழுப்பாக வருவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மற்ற சுவர்களில் ஒரு டைல்கூடப் பழுதில்லை. மேஸ்திரி சொன்னபடி மேலே புது டைல் ஒட்டியிருந்தால் அறையில் சுற்றிலும் அரை அங்குலம் போயிருக்கும், தரையிலும் ஒட்டினால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், துருப்பிடித்த பைப் பின்னாலேயே இருந்திருக்கும்.

அடுத்தது உப்பு. இந்தப் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளிக்க, துவைக்க எல்லாம் போர்தான். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சுவரில் பட்டுக் காயக் காய வெள்ளையாகப் படியும். சுட வைத்தால் இன்னும் வேகமாகப் படியும். வெளியே தண்ணி அடுப்பில் கொட்டாங்குச்சி போட்டுக் காய்ச்சும் செம்புத் தவலையின் உட்புறத்தில் சுரண்டினால் ஓடு ஓடாக வரும். கெய்சர் வாங்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்தத் தவலைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

பாட்டிலில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டை நான் தொடவில்லை. அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உப்பை எடுக்கும், கூடவே டைல் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் தின்னும், குழாயின் பளபளப்பையும் கெடுக்கும். அதை பிளீச்சிங் பவுடரோடு சேர்த்து ஊற்றிவிட்டால் கிளம்புவது குளோரின் வாயு. கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிற சின்ன அறையில் அது விளையாட்டில்லை. நான் எடுத்தது சிட்ரிக் ஆசிட் தூள். ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு 50 கிராம். முதலில் சுவரை வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும். இடுக்குகள் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆசிட்டைக் குடிக்காது. அப்புறம் பழைய பருத்தித் துணியைக் கரைசலில் முக்கி டைலோடு ஒட்டி விடுவேன். காது வைத்தால் சுர்ரென்று பொரியும் சத்தம் கேட்கும். பத்து நிமிஷத்தில் துணியை எடுத்துத் தென்னை நாரால் தேய்த்தால், தகடு போல் கட்டியிருந்த வெள்ளை, மாவாகக் கையோடு வரும். ரொம்ப கெட்டியான இடத்தில் இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிளேடு வைத்துச் சுரண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கீறல் விழுந்த இடத்தில் அடுத்த உப்பு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

தரை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லு. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், அதாவது சுவரில் படிந்திருக்கிற உப்பின் அதே சாதி. சுவர் உப்பைக் கரைக்கிற ஆசிட் தரையின் மெருகையும் கரைக்கும். அதனால் தரை முழுக்க தார்ப்பாய் விரித்து, ஓரத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் துணியை முக்கினேன். “ஏனம்மிணி, இத்தனையும் நீயே பண்ணோணுமா?” என்று அத்தை வாசற்படியில் நின்று கேட்டார். சாயங்காலம் குளிக்கப் போனவர் திரும்பி வந்து, அந்தப் பூ டைலில் பூ மஞ்சள் நிறம் என்பதே மறந்துபோய்விட்டது என்றார். எனக்கு அது மஞ்சள் என்றே தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது வெளுத்துத்தான் இருந்தது.

உப்பு போனதும் இடுக்குகளின் லட்சணம் தெரிந்தது. பழைய வெள்ளைச் சிமெண்ட், பாதி கரைந்து, மீதி கருத்து. இங்கேதான் சின்ன டைலின் கஷ்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எங்கள் சுவரில் கிட்டத்தட்ட 340 டைல், இடுக்கின் மொத்த நீளமும் ஏறக்குறைய 340 அடி. இதே சுவரில் இரண்டுக்கு ஒரு அடி டைல் இருந்திருந்தால் 130 அடியோடு போயிருக்கும். பெரிய டைல் மோஸ்தர் வந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை, கழுவுகிறவளுக்கு அதில் நிம்மதி இருக்கிறது என்பதை நங்கையாவிடமும் ஒப்புக்கொண்டேன்.

உடைந்த ஹேக்சா பிளேடின் ஒரு பக்கத்தில் துணி சுற்றிக்கொண்டு இடுக்குகளைக் கீறி எடுத்தேன். மணிக்கணக்கில் போகும் வேலை, ஆனால் ரேடியோ வைத்துக்கொண்டால் அலுக்காது. இடுக்கை மறுபடி அடைக்க, தண்ணீர் அடிக்கிற கீழ் இரண்டடிக்கு எபாக்ஸி கிரௌட், அதற்கு மேலே சாதாரண கிரௌட் என்று பிரித்துக்கொண்டேன். எபாக்ஸி விலை அதிகம், ஆனால் தண்ணீரைக் குடிக்காது, கறை பிடிக்காது. இரண்டு பசையையும் ஒரு தூளையும் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். கலந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். சித்திரை வெயிலில் அதற்கும் முன்னாலேயே. அதனால் ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் கலக்கவில்லை. ரப்பர் தகட்டால் இடுக்கில் அழுத்தித் தள்ளி, டைல் மேல் ஒட்டியதை ஈர ஸ்பாஞ்சால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அது அங்கேயே இருக்கும். நிறத்துக்கு வெள்ளை வேண்டாமென்று வெளிர் சாம்பல் எடுத்தேன். பச்சைக்குப் பக்கத்தில் அது எடுப்பாகவே இருக்கிறது.

கடையில் டைல் மேல் அடிக்கிற பெயின்ட்டும் காட்டினார்கள். உப்புத் தண்ணீர் ஊரில், மாதம் ஒருமுறை தேய்க்கிற சுவரில், அது எத்தனை நாள் நிற்கும்? ஸ்டிக்கர் பற்றிப் பேச வேண்டாம், சின்ன மாமியார் வீட்டில் ஓரம் சுருண்டு நிற்கிறது.

பைப் வேலை மட்டும் பிளம்பர் வந்தார். சுவரைக் கொத்தாமல் பழைய ஜிஐ லைனை மேலேயும் கீழேயும் எண்ட் பிளக் போட்டு மூடிவிட்டு, சுவருக்கு வெளியே சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்பைக் கிளாம்பு போட்டு இறக்கினோம். வெறும் பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி போதும் என்றார். பின்னாளில் யாராவது கெய்சர் வைத்தால் சூடு தாங்க வேண்டுமே என்று நான்தான் சிபிவிசி கேட்டேன். ஒட்டினதும் குழாயைத் திறந்துவிடக் கூடாது, ஒரு நாள் முழுக்க விட்டோம். வெளியே தெரிகிற பைப் அசிங்கம் என்று மேஸ்திரி முகம் சுளித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், அதுவே எனக்குப் பெரிது.

குழாய்களை மாற்றவில்லை. மாமா காலத்துப் பித்தளைக் குழாயின் கனம் இப்போது கடையில் கிடைக்கும் எதிலும் இல்லை. அதற்குள் இருப்பது ஒரு ரப்பர் வாஷர். சில ரூபாய்க்குக் கிடைக்கும், ஸ்பானர் இருந்தால் நாமே மாற்றிவிடலாம். கால் சுற்றிலேயே திறக்கிற குழாய்களுக்குள் பீங்கான் தட்டு இருக்கும். நல்ல தண்ணீரில் அது அருமை. போர் தண்ணீரில் மணலும் உப்பும் போய் இறுகிக்கொள்ளும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்ததோடு சரி.

மேல் சுவரில் டிஸ்டம்பரைப் பூச்சு தெரியும் வரை சுரண்டிவிட்டு, நீலம் கலந்த சுண்ணாம்பு இரண்டு கை அடித்தேன். ஈரம் உள்ளே அடைபடாமல் வெளியேறும், பூஞ்சைக்கும் சுண்ணாம்பு ஆகாது. குண்டு பல்பு போய் எல்இடி வந்தது. அறை பாதி மாறியது அந்த விளக்கில்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் எந்த இடுக்கையும் கீறவில்லை, எனவே அந்தக் கருத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது பேன் மூலை. அத்தைக்கு முட்டி மடங்குவது வரவர சிரமமாகிறது. “கால் மடங்கற வரைக்கும் மடங்கட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்” என்பார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போவது எனக்குத் தெரிகிறது. ஒருநாள், “தரைய உடைச்சாத்தானுங்கத்தை கமோடு வைக்க முடியும். அந்த மூலைய மட்டும் உடைக்கட்டுங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பூ டைலை உடைக்காம உடை” என்றார்.

அங்கே உடைக்காமல் ஆகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரிசா பேனுக்கு ட்ராப், அதாவது தண்ணீர் தேங்கி நாற்றத்தை மறிக்கும் வளைகுழாய், தனியாகத் தரைக்கு அடியில் இருக்கும். வெஸ்டர்ன் கமோடில் ட்ராப் அதன் உடம்பிலேயே இருக்கும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே கமோடைப் பொருத்தினால் ஒரே வழியில் இரண்டு ட்ராப், நடுவில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சரியாக இறங்காது. வேலை சுலபம் என்று அப்படி வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அதனால் மேஸ்திரியிடம் பழைய ட்ராப்பை என் கண்முன்னால் வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சுவரிலிருந்து புதுக் கழிவுக் குழாயின் நடு வரைக்கும் எத்தனை அங்குலம் வரும் என்பதை முடிவுசெய்துவிட்டுத்தான் கமோடு வாங்க வேண்டும், வாங்கிவிட்டுக் குழாயை நகர்த்தக் கூடாது. உடைத்த இடத்தில் பழைய மொசைக்கின் நிறத்தைப் பிடிக்க முயற்சி செய்யப் போவதில்லை. என்ன கலந்தாலும் ஒட்டுப்போட்டது தெரியும். மெருகேற்றாத கடப்பா கல் ஒன்றை அளவாக வெட்டிப் போடுவதாகத் திட்டம், கால் வழுக்காது.

ரோஸ் பேசினுக்குப் பொருத்தமாக ரோஸ் கமோடு கிடைக்குமா என்று விளையாட்டாகக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்க்கச் சொன்னார். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “ஆரோ உக்காந்ததுல நான் உக்காரமாட்டேன்.” வெள்ளைதான்.

மேஸ்திரி ஆடி கழிந்து ஆவணியில் வருகிறார். அதற்குள் கைப்பிடிக் கம்பியைப் பொருத்திவிட வேண்டும். உப்புத் தண்ணீருக்குச் சட்டென்று துருப்பிடிக்காத 304 கிரேடு எவர்சில்வர் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். அத்தையை உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போகிற உயரத்தைப் பென்சிலால் குறித்தாயிற்று. டைலில் துளை போட, குறி மேல் டேப் ஒட்டி, டிரில்லின் சுத்தியல் அடியை அணைத்துவிட்டு, டைல் பிட்டால் மெதுவாக இறங்க வேண்டும். பூங்கொத்து டைலுக்கு ஒரு டைல் தள்ளித்தான் துளை வருகிறது. டிரில் மெஷினைத் தம்பி வீட்டிலிருந்து வாங்கி வர வேண்டும்.